பாவனைக் கூடைப்பந்தும் இளைஞர் மதிப்பீடும்

இளைஞன் ஒருவனை நோக்கி, "இவன் நாளை என்னாவான்?" என்று வினவாத பெற்றோரும் ஆசிரியரும் இலர். அவ்வினாவுக்கு விடை கூறாத அண்டை வீட்டாரும் இலர். விடை கூறுதல் எளிது. கூறிய விடை பிழைபட்டால் அதன் பயனை அனுபவிப்பவன் விடை கூறியவன் அல்லன் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. வளரும் பருவத்தாரை அளந்து தரம் பிரிக்கும் தொழில் முன் எக்காலத்தினும் இக்காலத்துப் பெருகி நிற்கின்றது. பள்ளியிலே மதிப்பெண், நுழைவுத் தேர்விலே தரவரிசை, மைதானத்திலே தெரிவுப் போட்டி என அது பல வடிவு கொள்கின்றது. அவ்வடிவங்களுள் மிக அற்பமானதென்று பெரியோர் எண்ணத்தக்க ஒன்றை ஈண்டு ஆராய எடுத்துக்கொள்கின்றேன். கணினித் திரையில் நடத்தப்படும் பாவனைக் கூடைப்பந்து லீக்கே அது. சிறு கண்ணாடியிலும் பெருமலையின் உரு தோன்றுமாதலின், இவ்வாராய்ச்சி வீண்போகாது என நம்புகின்றேன்.

இவ்வகை விளையாட்டுகளுள் நம் மாணவர் சிலர் அறிந்தது பாஸ்கெட்பால் ஜிஎம் என்பது. இதில் ஆடுவோர் பந்தைத் தொடுவதில்லை, வியர்வை சிந்துவதுமில்லை. அவர் ஒரு கூடைப்பந்துக் கழகத்தின் மானேஜராக அமர்கின்றார். 30 கழகங்கள் கொண்ட லீக் ஒன்று அவர் முன்னே விரிகின்றது. அதில் ஆடும் வீரரெல்லாம் இயந்திரம் படைத்துப் பெயரிட்ட கற்பனை மாந்தர். யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது, யாருக்கு எவ்வளவு ஊதியம் தருவது என்பனவே மானேஜரின் அலுவல். ஆட்டங்களைக் கணினி தன்னுள்ளே நடத்தி முடித்து, வெற்றி தோல்விகளை அட்டவணையாக நீட்டுகின்றது. ஆண்டுதோறும் 19 முதல் 22 வயது வரையுள்ள புதிய இளைஞர் வந்து நிற்பர். கழகங்கள் முறைவைத்து, இரண்டு சுற்றுகளில் அவர்களுள் 60 பேரைத் தெரிந்தெடுக்கும். இத்தெரிவே இவ்விளையாட்டின் உயிர்நிலை எனலாம்.

ஒவ்வோர் இளைஞனுக்கும் பதினைந்து கூறுகள் அளக்கப்படுகின்றன. உயரம், வலிமை, வேகம், தாவுதல், தாக்குப்பிடித்தல் எனும் உடற்கூறுகள் ஐந்து. கூடைக்கு அருகிலும் தொலைவிலும் நின்று பந்தெறியும் வகைகள் ஐந்து. ஆட்ட அறிவு, பந்தைத் தட்டிச் செல்லுதல், தோழனுக்கு வழங்குதல், மீளும் பந்தைக் கைப்பற்றுதல் முதலிய திறன்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரையில் ஓர் எண் உண்டு. இவையெல்லாம் திரண்டு முடிவில் இரண்டே எண்களாக நிற்கின்றன. ஒன்று அவனது இன்றைய தகுதி; மற்றொன்று அவன் நாளை எய்தக்கூடுமெனக் கணிக்கப்பட்ட தகுதி. 19 வயதினன் ஒருவனுக்கு இன்று 45 என்றும் நாளை 75 என்றும் எழுதியிருக்குமாயின் மானேஜர்மார் அவன்மீது பாய்வர். இன்று 50, நாளை 55 என்றிருப்பவனை ஏறிட்டும் பாரார். இரண்டாம் எண்ணை ஜாதகமாகவே கொள்ளுதல் இவ்விளையாட்டில் ஆடுவோர் பலரது வழக்கம்.

ஆயினும், இதனை ஆக்கியோர் அவ்வெண்ணை ஜாதகமாகக் கருதவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இயந்திரத்தினுள்ளே ஒவ்வோர் இளைஞனுக்கும் உண்மையான எண் ஒன்று உளது. மானேஜருக்கு அது அப்படியே காட்டப்படுவதில்லை. சிறிது கூட்டியோ குறைத்தோ, மங்கலாக்கியே காட்டப்படுகின்றது. இத்திரிபு இளைஞர் திறத்தில் மிகுதி. வீரன் ஆடி ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். எல்லாம் எண்ணேயாகிய உலகம் அது. அங்கே ஒளிப்பதற்கு யாதோர் இன்றியமையாமையும் இல்லை. அங்கும் ஓர் இளைஞனை எவரும் தெளிவாகக் காணலாகாது என்று அவர்கள் விதித்தனர். விதியாதிருந்தால் அவ்விளையாட்டு உண்மையை ஒத்திராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இன்னுமொன்று. ஆண்டு முடிவில் ஒவ்வொரு வீரனது தகுதியும் மாறுகின்றது. அம்மாற்றத்தை அவன் வயது ஒருபாலும், பயிற்சியாளரின் தரம் சிறிதளவும், தற்செயல் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. இளையோர் திறத்தில் தற்செயலின் வீச்சு மிகப் பெரிது. லீக் ஒன்றைப் பிரதி செய்து வைத்துக்கொண்டு, ஒரே தொடக்கத்திலிருந்து இருமுறை ஓட்டிப் பார்ப்போர் இதனைக் கண்கூடாகக் காண்பர். அதே பெயர், அதே வயது, அதே எண்களோடு புறப்பட்ட இளைஞன் ஒரு பிரதியில் லீக்கின் தலைமகனாவான். மற்றொன்றில் கழகத்தாரால் விடுவிக்கப்பட்டு மறைவான். "நாளை 75" என்னும் எண் அவனுக்குக் காத்திருக்கும் ஊரின் பெயரன்று. அவன் செல்லக்கூடிய பல வழிகளின் சராசரியே அது. பாவனை விளையாட்டு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே என்பேன்.

இயந்திர உலகை விடுத்து மெய்யுலகிற்கு வருவோம். அமெரிக்காவின் என்.பி.ஏ. என்னும் பெருங்கழகமே இப்பாவனை விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம். 2006-ஆம் ஆண்டுத் தெரிவு முதல் அங்கே, தெரிவு நிகழும் ஆண்டு முடிவதற்குள் 19 வயது நிரம்பாதவரைத் தெரிந்தெடுத்தல் கூடாதென்பது விதி. அங்குள்ளோர் கற்பனை மானேஜர் அல்லர். கோடிக்கணக்கான பொருளும், நாடெங்கும் சென்று இளைஞரைப் பார்த்துவரும் வேவுகாரரும், மருத்துவரும், கணக்கரும் உடையவர். அவர்தம் மதிப்பீடு எத்தகையது? 2003-ஆம் ஆண்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட 18 வயது லெப்ரான் ஜேம்ஸ், எதிர்பார்த்த அனைத்தையும் எய்தினார்; அவர்கள் கணிப்புப் பலித்தது. அதே நாளில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் செர்பிய நாட்டு டார்கோ மிலிசிச். அவருக்கும் வயது 18. அவருக்குப் பின்னரே கார்மெலோ ஆண்டனி, கிறிஸ் பாஷ், ட்வைன் வேட் ஆகியோர் எடுக்கப்பட்டனர். இம்மூவரும் பெரும்புகழ் எய்தினர். மிலிசிச் அப்புகழின் அருகிலும் செல்லவில்லை. அவரை எடுத்தோர் மூடரல்லர். பதினெட்டு வயது என்னும் மூடுபனி எல்லாருக்கும் பொது.

2013-இல் 18 வயதினராய்க் கிரேக்க நாட்டின் இரண்டாந்தர லீக்கிலிருந்து வந்த யான்னிஸ் அன்டெட்டோகூன்போ பதினைந்தாவதாகவே எடுக்கப்பட்டார். 2019, 2020 ஆகிய ஈராண்டும் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எனும் பட்டம் அவருக்கே. 2021-இல் தம் கழகத்திற்கு வெற்றிக் கிண்ணமும் ஈட்டித் தந்தார். 2014-இல் நிக்கோலா யோக்கிச் என்பார் 19 வயதில் நாற்பத்தொன்றாவதாக எடுக்கப்பட்டார். அவர் பெயர் வாசிக்கப்பட்ட வேளையில் தொலைக்காட்சியில் சிற்றுண்டி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2021, 2022, 2024 ஆகிய மூன்றாண்டுகளிலும் அப்பெரும்பட்டம் பெற்றவர் அவரே. அவ்விளம்பரத்தைக் கண்டு களித்தோர், நாற்பது கழகத் தெரிவுகள் கவனியாது விட்டுச்சென்ற பெருவீரன் ஒருவனது பெயரைக் கேளாது போயினர்.

இப்பிழைகள் எங்கிருந்து எழுகின்றன? கண்ணுக்கு எளிதில் தோன்றுவதையே கண் அளக்கும். கூடைப்பந்தில் எளிதில் தோன்றுவது உயரம். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரத்து லேனி உயர்நிலைப் பள்ளியில், மைக்கேல் ஜோர்டான் என்னும் 15 வயது மாணவன் பள்ளியின் முதலணியில் இடம்பெறவில்லை. அவன் வகுப்பிலிருந்து அவ்விடம் பெற்றவன் அவனினும் மிக உயரமான மற்றொரு மாணவன். ஜோர்டானைப் பள்ளி முற்றும் தள்ளிவிட்டது என்று பலர் கதை கூறுவர். அஃது உண்மையன்று. அவன் இளையோர் அணியில் சேர்க்கப்பட்டான், ஆண்டு முழுவதும் அங்கே ஆடினான், வளர்ந்தான், மறு ஆண்டு முதலணியில் ஏறினான். இந்நுட்பத்தை நாம் மறத்தலாகாது. அப்பள்ளியார் செய்த மதிப்பீடு தவறாயிருந்திருக்கலாம். ஆனால் தவறு திருத்தப்படுவதற்கு ஓர் இடம் அங்கே இருந்தது. இளையோர் அணி என்னும் அச்சிறு திண்ணை இல்லாதிருந்தால், உலகம் ஜோர்டானை அறிந்திருக்குமோ என்பது ஐயமே.

நம் நாட்டுச் செய்தியும் ஒன்று உண்டு. பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங், லூதியானாவில் பயின்று, 2010-இல் 14 வயதிலேயே அமெரிக்கப் பயிற்சிக் கழகம் ஒன்றுக்கு அழைக்கப்பட்டார். ஏழடிக்கு மேற்பட்ட அவர் உயரம் காண்போர் கண்ணைப் பறித்தது. 2015-இல் 19 வயதில் டல்லாஸ் கழகத்தார் அவரை ஐம்பத்திரண்டாவதாகத் தெரிந்தெடுத்தனர். இந்தியாவிற் பிறந்தோருள் அவ்வாறு எடுக்கப்பட்ட முதல்வர் அவரே. நாடே மகிழ்ந்தது. எனினும் அப்பெருங்கழகத்தின் முறையான ஆட்டம் ஒன்றிலேனும் அவர் இறங்கவில்லை. இது அவரது குறையெனக் கூறுதல் நேர்மையாகாது. உயரத்தை அளந்து வானளாவிய கனவை ஓர் இளைஞன் தோளிலேற்றிய நாமெல்லாம், மேலும் அளக்கவேண்டியவற்றை அளந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

கண்ணை மயக்குவதில் உயரத்திற்கு இணையானது வயதின் சிறு வேற்றுமை. 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லி முதலிய கனடா நாட்டு ஆய்வாளர், அந்நாட்டுப் பனி ஹாக்கி இளைஞர் அணிகளின் பிறந்த நாட்களை ஆராய்ந்தனர். ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் மிகுந்தும், இறுதி மாதங்களிற் பிறந்தோர் அருகியும் இருக்கக் கண்டனர். காரணம் வேறன்று. அங்கே வயது கணக்கிடும் நாள் ஜனவரி முதல் தேதி. ஜனவரியிற் பிறந்த பையனும் டிசம்பரிற் பிறந்த பையனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்பர். பத்து வயதில் பதினொரு மாத வேற்றுமை உடம்பிலே பெரிதாகத் தோன்றும். மூத்தவனைத் திறமைசாலி என்பர். நல்ல பயிற்சியும் மிகுந்த ஆட்டங்களும் அவனுக்குத் தருவர். சில ஆண்டுகளில் அவன் மெய்யாகவே திறமைசாலி ஆவான். கணிப்பு பலித்ததென்று கணித்தோர் மகிழ்வர். பலித்ததற்குக் காரணம் தாம் இட்ட உரமும் நீருமே என்பதை அவர் உணரார். உரமும் நீரும் பெறாத இளையவனோ, தனக்குத் திறமை இல்லையென்றே நம்பி வீடு திரும்புவான்.

இங்கேதான் பாவனை லீக்கும் மெய்வாழ்வும் பிரிகின்றன. பாவனை லீக்கில் தள்ளப்பட்ட இளைஞன் தான் தள்ளப்பட்டதை அறியான். அவனுக்குக் காதில்லை; தாயில்லை; ஊருமில்லை. ஓர் எண் அழிந்து வேறோர் எண் எழுதப்படுகின்றது, அவ்வளவே. மெய்யான இளைஞனோ தன்னைப்பற்றிய எண்ணைக் கேட்கின்றான். கேட்டபின் அவன் முன்னிருந்த அவனல்லன். "உன்னால் ஆகாது" என்ற சொல் அவன் கால்களில் ஏறி அமர்ந்துகொள்கின்றது. ஆதலின், மெய்வாழ்வில் மதிப்பீடு செய்வோர் அளவுகோலை மாத்திரம் கையிற் பிடித்திருக்கவில்லை. அளக்கப்படும் பொருளையும் வளைக்கின்றனர். மானேஜருக்கு இல்லாத பொறுப்பு ஆசிரியருக்கும் பயிற்சியாளருக்கும் இருப்பது இதனாலேயே.

கூடைப்பந்தின் பிறப்பே இதற்குச் சான்று பகரும். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியிலே, கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரிடம் ஒரு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. அடங்காத வகுப்பு என்று பெயர் பெற்றது அது. அவருக்கு முன் சென்ற ஆசிரியர் இருவர் கைவிட்டது. பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க ஒரு விளையாட்டை இரு வாரத்திற்குள் வகுக்குமாறு தலைவர் கூலிக் பணித்தார். நெய்ஸ்மித் பதின்மூன்று விதிகளை எழுதினார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மாடி விளிம்பில் அறைவித்தார். வகுப்பிலிருந்தோர் பதினெண்மர். அணிக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மரும் ஆடினர். வெளியே அமர்த்தப்பட்டோர் ஒருவரும் இலர். மதிப்பிட்டோர் கைவிட்ட இளைஞருக்காகவே பிறந்த விளையாட்டு, இன்று இளைஞரை மதிப்பிட்டுக் கைவிடும் கலைக்கு உறைவிடமாயிற்று என்பது வியப்பிற்குரியது. அச்சங்கத்தாரே இதனை நம் நாட்டிலும் பரப்பினர். 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிப் பள்ளி, இன்று நந்தனத்தில் உடற்கல்விக் கல்லூரியாக விளங்குகின்றது. சென்னையில் வளர்ந்து இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை பூண்ட அனிதா பால்துரை, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் நாட்டு மண்ணுக்கு இவ்விளையாட்டு அந்நியமன்று.

"இடங்கள் சில, விரும்புவோர் பலர். யாரையேனும் தெரிந்தெடுத்துத்தானே ஆகவேண்டும்? எல்லாரையும் ஆடவிட்டால் அணி எங்ஙனம் வெல்லும்?" என்று ஒருவர் வினவக்கூடும். இவ்வினா நியாயமானதே. தெரிவு வேண்டா என்பது என் கருத்தன்று. திருவள்ளுவரும் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார்; அதனையடுத்துத் தெரிந்து வினையாடல் என்று மற்றொன்றும் வகுத்தார். ஆராயாது நம்புதலும் குற்றம். தெளிந்தபின் ஐயுறுதலும் குற்றம் என்பது அவர் நெறி. நான் கேட்பது வேறு. ஒருநாள் மாலையில், ஒரு மணி நேரத்தில் செய்த தெரிவை ஆயுட்காலத் தீர்ப்பாக்குதல் தகுமோ என்பதே என் வினா. தெளிதற்கு முன்னே தெரிதல் வேண்டும். தெரிதற்குக் காலம் வேண்டும்.

காலம் கொடுத்து இளைஞரை மதிப்பிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டில் அதற்குச் சான்றுகள் இரண்டு உள. முதலாவது வாணிகத்தைச் சார்ந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடைகள் நடத்தியபோது, பதின்வயதுச் சிறுவரைப் பெட்டியடிப் பையன்களாகச் சேர்த்தனர். பணப்பெட்டியின் அருகே அமர்ந்து, ஏவிய வேலை செய்து, கணக்கெழுதக் கற்றுப் பையன் வளர்வான். பின்னர் அடுத்தாளாவான்; தேர்ந்தவன் மேலாளுமாவான். அங்கே பையனது கையெழுத்தும் நாணயமும் பொறுமையும் நாடோறும் ஒருவர் கண்முன்னே நிகழ்ந்தன. ஒருநாள் பார்த்து உயர்த்துவதுமில்லை. ஒருநாள் பார்த்துத் தள்ளுவதுமில்லை. அவ்வாழ்க்கை கடுமையானதே, அதன் கடுமையை நான் புகழ வரவில்லை. ஆயினும் பணத்தைக் கையாள்வோனை ஆண்டுக்கணக்கிற் பார்த்தே தெளிதல் வேண்டும் என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தனர்.

இரண்டாவது, சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அண்மையிலுள்ள எங்கள் திருக்கோஷ்டியூரைச் சார்ந்தது. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று இவ்வூர். திருக்கோட்டியூர் நம்பி என்னும் ஆசிரியர் இங்கே வாழ்ந்தார். அவரிடம் திருமந்திரப் பொருளைக் கேட்கவேண்டி இராமாநுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். ஒருவழித் தொலைவே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். வேறு சமயத்தைச் சார்ந்த நானும் சிறுவயது முதல் இக்கதையைக் கேட்டே வளர்ந்தேன். எங்கள் ஊரில் எச்சமயத்தாரும் இதனை அறிவர்.

இக்கதையைக் கூறுவோர் இராமாநுசரின் விடாமுயற்சியையே புகழ்வர். அது தக்கதே. யானோ ஆசிரியர் பக்கம் நின்று நோக்க விரும்புகின்றேன். நம்பி அவரைப் பன்முறை திருப்பி அனுப்பினார். ஆனால் கதவைத் தாழிடவில்லை. அவர் கூறிய மறுப்பு "இப்பொழுதன்று" என்பதே. "எப்பொழுதும் அன்று" என்பதன்று. வந்தவரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்தார். பதினெட்டாம் முறை அவர் கண்டது, முதன்முறை கண்ட மனிதரை அன்று. இடையே நடந்த வழியெல்லாம் அவரை மாற்றியிருந்தது. அம்மாற்றத்தைக் காணும் கண் நம்பிக்கு இருந்தது.

கதை அவ்வளவில் முடியவில்லை. மறையாகக் காக்கும்படி ஆசிரியர் பணித்த பொருளை, இராமாநுசர் இவ்வூர்க் கோயிலின் மேலேறி, கூடியிருந்தோர் யாவருக்கும் வெளிப்படக் கூறினார். நம்பி வெகுண்டார். தாம் ஒருவர் துன்புற்றாலும் பலர் உய்தல் நலமென்று மாணாக்கர் கூறக் கேட்டு, அவ்வெகுளி நீங்கி, மாணாக்கரைத் தம்மினும் பெரியோராக மதித்து எம்பெருமானார் என்று அழைத்தார் என்பர். மதிப்பிட்டவர் தம் மதிப்பீட்டைத் தாமே திருத்திக்கொண்ட செய்தி இது. பதினெட்டு முறை சோதித்துத் தெளிந்த பின்னரும், அம்மாணாக்கர் தாம் அளந்த அளவுக்கு மேற்பட்டவர் என்பதை அவர் கண்டார்; கண்டதை வாய்விட்டுக் கூறினார். இளைஞரை அளக்கும் தொழிலுடையார்க்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டை யான் அறியேன்.

இக்காலத்துச் செய்தியொன்றும் கூறுவேன். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த தங்கராசு நடராஜன், ஏறத்தாழ இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியவர். 19 வயது வீரரைப் பட்டியலிடுவோர் எவரேனும் அன்று ஒரு பட்டியல் வரைந்திருந்தால், அதில் அவர் பெயர் இருந்திராது. 2020 டிசம்பரில், 29 வயதில், அவர் இந்திய அணிக்கு ஆடினார். அவருள்ளே இருந்த ஆற்றல் திடீரென ஒருநாள் வானத்திலிருந்து இறங்கியதன்று. நகரத்துக்கு வந்து மறுபடியும் பந்தெறிந்து காட்டும் வாய்ப்பு ஒருவர் பின் ஒருவராகச் சிலரால் அவருக்குத் தரப்பட்டது. அவ்வாய்ப்புப் பெறாத நடராஜன்கள் நம் சிற்றூர்களில் எத்தனை பேரோ! தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு மாணவரைத் தெரிந்தெடுக்கும் போட்டிகள் நடைபெறுதல் நன்றே. அங்கே அன்று காய்ச்சலோடு ஓடிய பையனும், அடுத்த ஆண்டு அரையடி வளரவிருக்கும் பையனும் மாலைப் பேருந்தில் ஊர் திரும்பும்போது, "மீண்டும் வா" என்ற சொல்லையும் உடன்கொண்டு திரும்பவேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆகவே இளைஞரை மதிப்பிடுவோர்க்குக் கடமைகள் மூன்று எனக் கூறுவேன். முதலாவது, தம் கணிப்பிலுள்ள மங்கலை ஒப்புக்கொள்ளுதல். பொருளற்ற பாவனை விளையாட்டே ஒப்புக்கொள்ளும் உண்மையை மெய்யான ஆசிரியர் ஒப்புக்கொள்ளுதல் இழிவன்று. இரண்டாவது, மீண்டும் பார்த்தல். ஆண்டுத் தொடக்கத்தில் தள்ளப்பட்டவனை ஆண்டின் நடுவிலும் ஒருமுறை பார்க்கவேண்டும். மூன்றாவது, தள்ளப்பட்டவனுக்கும் ஆடுவதற்கு ஓர் இடம் தருதல். ஆடாதவன் வளரான், வளராதவனைப் பார்த்து, "முன்னரே சொன்னோம்" என்று கூறுதல் அறமாகாது.

இவை நடவாத கனவுகள் அல்ல. நம் கல்லூரியின் அணிகளுக்கு ஜூலை மாதத்தில் ஒரு தெரிவு நடக்குமாயின், டிசம்பரிலும் ஒன்று நடக்கட்டும். முதலணிக்கு ஆட்டங்கள் அமைப்பதுபோல இரண்டாம் அணிக்கும் அமைக்கட்டும். அயற்கல்லூரிகளின் இரண்டாம் அணிகளோடு ஆடுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. தெரிவு செய்வோர் ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் தாம் கருதியதை ஒரு சுவடியில் எழுதி வைத்து, மறு ஆண்டு அதனைத் திறந்து படிக்கட்டும். தம் கணிப்புகளுள் எத்தனை பலித்தன, எத்தனை பொய்த்தன என்று காண்போர் மேன்மேலும் நல்ல மதிப்பீட்டாளர் ஆவர். விளையாட்டிற்கு மாத்திரமன்று, வகுப்பறைக்கும் இது பொருந்தும். முதற்பருவத் தேர்விலே குறைந்த மதிப்பெண் பெற்றவனைக் கடைப்பலகை மாணவன் என்று மூன்றாண்டுக்கும் முத்திரையிடுதல் எளிது. மூன்றாம் ஆண்டில் அவன் எழுதிய கட்டுரையைப் புதிய கண்ணோடு படித்தல் அரிது. அரியதைச் செய்தற்கன்றோ ஆசிரியர்.

இனி என் உடன்மாணவர்க்கு ஒரு சொல். பாவனை லீக்கில் தெரிவுக்கு நிற்கத் தொடங்கும் வயது 19. நம்மிற் பலர்க்கும் இன்று அவ்வயதே. நம்மைப்பற்றியும் இரண்டு எண்கள் எங்கேனும் எழுதப்பட்டுத்தான் இருக்கும். முதலெண்ணை மறுக்கவேண்டுவதில்லை, இன்றைய தகுதி இவ்வளவே என்று அறிதல் தெளிவு. இரண்டாமெண்ணை அச்சத்தோடு வணங்கவும் வேண்டுவதில்லை. அதனை எழுதினோர்க்கும் அது மங்கலாகவே தெரிகின்றது. நாமும் இரவு விளக்கின் கீழ் மானேஜராக அமர்ந்து, திரையிலுள்ள பெயரொன்றை அழிக்கும்போது, விடுதியிலே நம் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் முதலாண்டு மாணவனை அவ்வளவு எளிதாக அழித்துவிடாதிருக்கக் கற்றுக்கொள்வோமாக. அவன் மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பானாயின், அழைத்து ஒருமுறை பந்தைக் கையில் கொடுப்போம். எறிந்து தவறினால், மறுநாளும் வரச்சொல்வோம்.